வேட்பாளர் மேல் புகார்: வாட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கு, பேப்பரில் ஒரு வரி இல்லை. எதை நம்புவது?

அல்சூர்க்காரன்
பெங்களூருதான், தொகுதி பெயர் வேண்டாம். சட்டமன்றத்துக்கு நிற்கும் ஒருவர், தன் கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார் என்று பேச்சு. அபார்ட்மென்ட் குரூப், ஊர்க்காரர் குரூப் எல்லாவற்றிலும் எஃப்.ஐ.ஆர். என்று ஒரு பிடிஎஃப் சுற்றுகிறது. ஒரு கன்னட சேனலில் ஓடியது, மறுநாள் யூடியூபில் அந்த வீடியோவே காணோம். தமிழ், இங்கிலீஷ் பேப்பர் எதிலும் மூச்சில்லை. "காசு வாங்கிட்டு அமுக்கிட்டாங்க" என்று ஒரு கோஷ்டி, "எதிர்க்கட்சி செட்டப்" என்று இன்னொரு கோஷ்டி. போலீஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். தேடினால் வரவில்லை. அப்போ பொய் என்று வைத்துக்கொள்ளலாமா?

கட்டுக்காகிதம்
வைத்துக்கொள்ள முடியாது சார். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. இந்த வகைப் புகார் தளத்தில் இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். அதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது.

முதலில் அந்த பிடிஎஃப்பை உரசிப் பாருங்கள். தலைப்பில் எந்தச் சட்டப்பிரிவு என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் பதிவான எஃப்.ஐ.ஆர். என்றால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173, அதற்கு முன் பழைய நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. 154. ஆனால் குற்றப்பிரிவு, சம்பவம் நடந்த தேதியைப் பொறுத்தது. 2023-இல் நடந்ததை 2025-இல் பதிவு செய்தால் தலைப்பில் 173 வரும், குற்றம் மட்டும் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 354ஏ (பாலியல் துன்புறுத்தல்) என்றே வரும். 2023 சம்பவத்துக்கு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 75 மட்டும் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். போலிக் காகிதம் தயாரிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. போலீஸ் ஸ்டேஷனிலும் தப்பு நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து படிவம் 26, அதாவது வேட்புமனுவோடு போடும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத்தின் அஃபிடவிட் தளத்தில் பெயர் போட்டால் வரும். பல நேரம் கன்னடத்தில், கையெழுத்தில், ஸ்கேன் செய்ததாக இருக்கும். உள்ளே தேட முடியாது, பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது 5-ஆவது பத்தி: நிலுவை வழக்குகள், எஃப்.ஐ.ஆர். எண், ஸ்டேஷன், கோர்ட், பிரிவுகள், குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில். அங்கே எண் கிடைத்தால், கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண் வழியாகவே தேடுங்கள். பெயர் வழியாகத் தேடினால் இனிஷியல், எழுத்துக்கூட்டல் குழப்பத்தில் பத்துப் பேர் வருவார்கள், இல்லாவிட்டால் ஒருவருமே வரமாட்டார்.

ராத்திரி ஷிப்ட்
பேப்பர் பக்கத்தை நான் சொல்கிறேன். அமுக்குவது இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் பெங்களூரில் "வீடியோ காணோம்" என்றால் முதலில் பார்க்க வேண்டியது தடை உத்தரவு. வேட்பாளர் நகர சிவில் நீதிமன்றத்துக்குப் போய், சேனல்களையும் பேப்பர்களையும் வரிசையாகப் பிரதிவாதியாகச் சேர்த்து, அவதூறாக எதுவும் வெளியிடக் கூடாது என்று எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிடுவார். 2019 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு தெற்கு வேட்பாளர் ஒருவர் இப்படி 49 ஊடகங்களுக்கு எதிராகத் தடை வாங்கினார். ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021 மார்ச்சில் கர்நாடக அமைச்சர்கள் 6 பேர் அதே வழியில் போனார்கள். விசாரணைக்கு முன்பே இப்படித் தடை கொடுப்பது மிக அரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், உத்தரவு கையில் வந்த அன்றைக்கு எந்த டெஸ்க்கும் ரிஸ்க் எடுக்காது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். இ-கோர்ட்ஸில் பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்தைத் தேர்ந்து, வேட்பாளர் பெயரை வாதியாகப் போட்டு, இந்த ஆண்டின் ஓ.எஸ். (அசல் சிவில்) வழக்குகளைப் பாருங்கள். பிரதிவாதிப் பட்டியலில் சேனல் பெயர்கள் வரிசையாக நின்றால் விஷயம் அதுதான்.

காசு விவகாரத்துக்கு அடையாளம் வேறு. இரண்டு போட்டிப் பத்திரிகைகளில் ஒரே நாளில், ஒரே போட்டோ, பத்தி மாறாமல் ஒரே புகழ்ச்சி, நிருபர் பெயர் மட்டும் வேறு. அதுதான் பெய்ட் நியூஸ், காசு வாங்கிக்கொண்டு செய்தி போலப் போடும் விளம்பரம். அந்தச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011-இல் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதிநீக்கம் செய்தது. இரண்டு பத்திரிகையையும் அருகருகே வைத்து போட்டோ எடுத்து, மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பலாம். காசு வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்தார்களா என்று பார்க்க இந்த மாதிரி சோதனை கிடையாது.

இன்னொன்று. வழக்கு உள்ள வேட்பாளர் அதை 3 முறை பேப்பரிலும் டிவியிலும் விளம்பரம் செய்தாக வேண்டும். பேப்பரில் எழுத்து 12 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. டிவியில் காலை 8 முதல் இரவு 10-க்குள் குறைந்தது 7 நொடி. மனு வாபஸ் முடிந்த முதல் 4 நாளில் ஒன்று, 5 முதல் 8-ஆம் நாளுக்குள் ஒன்று, 9-ஆம் நாளிலிருந்து பிரசாரம் முடிவதற்குள் ஒன்று. டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே கன்னடப் பேப்பரில் கிடக்கும். தமிழ்ப் பேப்பர் மட்டும் புரட்டினால் கண்ணில் படாது.

மழைக்கோட்டு
அந்த பிடிஎஃப்பை இங்கே ஏற்ற வேண்டாம், குரூப்பிலும் தள்ள வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர், வேலை செய்த இடம், அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிட வேண்டாம்; புகார் பாலியல் வல்லுறவு வகைக் குற்றமாக இருந்தால் பி.என்.எஸ். 72-இன் கீழ் 2 ஆண்டு வரை சிறை. வேட்பாளர் பக்கம் அவதூறு வழக்கு, பிரிவு 356. அட்மின்கள் கவனிக்க.

அல்சூர்க்காரன்
நன்றி. அஃபிடவிட் கிடைத்தது. 5-ஆவது பத்தியில் 'வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை' என்று இருக்கிறது. பிடிஎஃப்பில் எஃப்.ஐ.ஆர். எண் இருக்கிறதே?

கட்டுக்காகிதம்
உடனே "பொய் அஃபிடவிட்" என்று கத்த வேண்டாம். கையெழுத்துப் போட்ட தேதியைப் பாருங்கள், அதற்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கலாம். அல்லது போலீஸ் ஆதாரம் இல்லை என்று பி ரிப்போர்ட் போட்டு கோர்ட் ஏற்றிருந்தால் வழக்கு நிலுவையில் இல்லை. பி ரிப்போர்ட் போட்டும் கோர்ட் இன்னும் ஏற்கவில்லை என்றால் அது முடியாத வழக்கு. இ-கோர்ட்ஸில் அடுத்த வாய்தா தேதி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வாய்ப்பை யாரும் நினைப்பதில்லை. விவகாரம் கம்பெனியின் உள்புகார்க் குழுவில் மட்டும் இருந்திருக்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி புகாரின் விவரத்தைப் பத்திரிகைக்குச் சொல்லவே கூடாது, அஃபிடவிட்டிலும் வராது. அப்படியானால் எஃப்.ஐ.ஆர். எண் போட்ட காகிதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த பிடிஎஃப் மேலேயே திரும்பும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மறைத்ததாகத் தெரிந்தால், தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம், அதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அதிகாரி உண்மை பொய் விசாரிக்க மாட்டார், அது அவர் வேலை இல்லை. பத்தியைக் காலியாக விட்டால்தான் மனுவைத் தள்ள முடியும், "இல்லை" என்று எழுதியிருந்தால் முடியாது. பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார். வாட்ஸ்அப் பிடிஎஃப் அங்கே செல்லாது, சான்றிட்ட நகல் வேண்டும். வக்கீல் வைத்து இன்றே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள், நகல் கைக்கு வர நாளாகும்.