கணக்கியல் பவுண்டேஷன் டிகிரியை 2014இல் முடித்தேன். இப்போது டாப்-அப் செய்து ஹானர்ஸ் பட்டம் பெற முடியுமா?

தாமரைக்குளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேற்கு இலண்டனில் உணவுப் பொருட்களை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வழங்குநர்களின் பில்களைச் சரிபார்த்துப் பதிவது, மாத முடிவில் வங்கிக் கணக்கை இணக்கம் செய்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட் (மதிப்புக்கூட்டு வரி) கணக்கைத் தயாரிப்பது ஆகியவை என் பொறுப்பில் உள்ளன. 2012இல் இங்குள்ள ஒரு கல்லூரியில் கணக்கியலும் நிதியும் என்ற துறையில் ஈராண்டுப் பவுண்டேஷன் டிகிரிக்குச் சேர்ந்து 2014இல் முடித்தேன். வகுப்புகள் கல்லூரியில் நடந்தன. பட்டத்தை வழங்கியது வேறொரு பல்கலைக்கழகம். அதை ஹானர்ஸ் (முழு இளங்கலை) பட்டமாக்கும் மூன்றாம் ஆண்டில், அதாவது டாப்-அப்பில், சேர அந்த ஆண்டே இடமும் கிடைத்திருந்தது. மகன் பிறந்ததால் போக முடியவில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்.

சென்ற மாதம் ஒரு கல்வி முகவரைச் சந்தித்தேன். என் பழைய படிப்பு இனிச் செல்லாது என்றும், பவுண்டேஷன் இயரில் தொடங்கி நான்கு ஆண்டுகள் படித்தால்தான் ஹானர்ஸ் பட்டம் கிடைக்கும் என்றும் கூறி, கடன் விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பச் சொன்னார். மனம் ஒப்பாததால் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன்.

என் பழைய இரண்டு ஆண்டுகளுக்கு இன்று மதிப்பு உண்டா? வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்க முடியுமா? மாணவர் கடன் மீண்டும் கிடைக்குமா? பின்னாளில் ஏசிசிஏ என்ற தொழில்முறைக் கணக்காளர் தகைமையைச் செய்வதுதான் என் நோக்கம் என்பதால், அதற்கு இந்தப் பட்டம் எவ்வளவு உதவும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஐந்தொகை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கையெழுத்து வைக்காமல் எழுந்து வந்தது மிக நல்ல முடிவு. பவுண்டேஷன் இயர், பவுண்டேஷன் டிகிரி என்ற இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். பவுண்டேஷன் இயர் என்பது பட்டப்படிப்புக்கு முன்னர் வரும் ஆயத்த ஆண்டு. பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலுக்கு நிகரான மூன்றாம் நிலை. உங்களிடம் இருப்பது ஐந்தாம் நிலைத் தகைமை. நான்காம் நிலையில் 120, ஐந்தாம் நிலையில் 120 என 240 கிரெடிட்களை (படிப்பின் அளவைக் காட்டும் அலகுகளை) நீங்கள் ஏற்கெனவே பெற்றிருக்கிறீர்கள். ஹானர்ஸ் பட்டத்துக்கு வேண்டியவை 360. ஆகவே மீதமிருப்பது ஆறாம் நிலையின் 120 மட்டுமே: முழுநேரமாக ஓர் ஆண்டு, பகுதிநேரமாகப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள்.

காலம் கடந்ததைப் பற்றிய உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பழைய கிரெடிட்களை எத்தனை ஆண்டுகள் வரை ஏற்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஏற்காத இடங்களும் உண்டு. அதே துறையில் தொடர்ந்து வேலை செய்பவர் என்றால் அதைக் கணக்கில் எடுக்கும் இடங்களும் உண்டு. பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்திடமே முதலில் கேளுங்கள். பவுண்டேஷன் டிகிரி ஒன்றை வகுக்கும்போதே ஹானர்ஸ் பட்டத்துக்குப் போகும் வழி ஒன்றாவது அதற்கு இருக்க வேண்டும் என்பது விதி. கேட்கும்போது உங்கள் ஆறு ஆண்டு வேலையை ஒரு பக்கத்தில் விவரமாக எழுதி இணையுங்கள்.

இனி, எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் படிப்பவருக்கு வழக்கமாக இரண்டாம் ஆண்டுப் புள்ளிகளும் பட்டத்தின் இறுதி வகுப்பில் (தரத்தில்) ஒரு பங்காகச் சேரும். டாப்-அப்பில் சேர்பவருக்குப் பெரும்பாலும் அந்த 120 கிரெடிட்கள் மட்டுமே வகுப்பைத் தீர்மானிக்கின்றன. முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவா என்பது நீங்கள் எழுதப்போகும் ஏழெட்டுப் பரீட்சைகளிலும் ஒப்படைகளிலும் முடிந்துவிடும். நான் 2018இல் இதை அறியாமல், கல்லூரியில் இருந்த அதே வேகத்தில் போய் உட்கார்ந்தேன். நவம்பரில் நடந்த முதல் தேர்வில் 38 புள்ளிகள் வந்தன. தேறுவதற்கு 40 வேண்டும்.

என்னை வீழ்த்தியது குழுமக் கணக்குகள், அதாவது தாய்க் கம்பனியையும் அதன் துணைக் கம்பனிகளையும் ஒன்றாகக் காட்டும் கணக்குகள். வகுப்பில் இருந்த மற்றவர்கள் அதன் தொடக்கத்தை முந்திய ஆண்டிலேயே படித்திருந்தார்கள். உதாரணமாக, ஒரு தாய்க் கம்பனி இன்னொரு கம்பனியின் 80 சதவீதப் பங்குகளை 9,00,000 பவுணுக்கு வாங்குகிறது. மீதி 20 சதவீதத்தின் நியாயப் பெறுமதி 2,00,000. வாங்கிய நாளில் அந்தக் கம்பனியின் தேறிய சொத்துகள் 8,50,000. இவற்றிலிருந்து நன்மதிப்பு (தேறிய சொத்துகளுக்கு மேற்பட்ட பெறுமதி) 2,50,000 என்று காண்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் அடுத்த வரியில், ஆண்டின் இடையில் தாய்க் கம்பனி அதற்கு விற்ற சரக்கில் ஒரு பகுதி இன்னும் விற்கப்படாமல் கிடக்கிறது என்று வரும். அந்த இலாபத்தை எங்கே கழிப்பது, யாருடைய பங்கிலிருந்து கழிப்பது என்று நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறை முழுவதும் இரவு ஒன்பது மணிக்கு மேல் சமையலறை மேசையில் இருந்து இப்படியான முப்பது கணக்குகளைச் செய்த பிறகுதான் கை வந்தது.

உங்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. நீங்கள் படித்த 2014க்குப் பிறகு கணக்கீட்டு நியமங்களே மாறிவிட்டன. சர்வதேச நியமங்களில், வருமானம் பற்றிய ஐஎப்ஆர்எஸ் 15 2018இலும், குத்தகை பற்றிய ஐஎப்ஆர்எஸ் 16 2019இலும் நடைமுறைக்கு வந்தன. அன்று குத்தகை வாடகையைச் செலவாக எழுதிவிட்டு நகர்ந்த இடத்தில், இன்று பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும் கட்டவேண்டியதைப் பொறுப்பாகவும் ஐந்தொகையில் (இருப்புநிலைக் குறிப்பில்) காட்ட வேண்டும். பிரித்தானியக் கம்பனிகள் பின்பற்றும் எப்ஆர்எஸ் 102இலும் 2026 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு ஏறத்தாழ இதே முறைதான். உங்கள் நிறுவனம் களஞ்சியத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை வைத்தே இதைக் கற்றுக்கொள்ளலாம். சேருவதற்கு முந்திய கோடையில் குழுமக் கணக்குகள், புதிய நியமங்கள் ஆகிய இந்த இரண்டு பகுதிகளையும் முடித்துவிட்டுப் போங்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள்.

மேசைவிளக்கு எழுதியது:

வணக்கம். நான் மதுரையிலிருந்து வந்து லெஸ்டரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பயிற்சியாளர்களை மேற்பார்வை செய்வது என் வேலையில் ஒரு பகுதி. நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு கருத்தை அதற்கு முன்னால் வைக்க விரும்புகிறேன்: ஏசிசிஏதான் நோக்கம் என்றால், பட்டம் கட்டாயமில்லை.

ஏசிசிஏவில் மொத்தம் 13 தாள்கள். முதல் மூன்று அறிவு நிலை, அடுத்த ஆறு திறன் நிலை, கடைசி நான்கு உத்திசார் தொழில்முறை நிலை. எந்தப் பட்டம் இருந்தாலும் முதல் ஒன்பதுக்கு மேல் விலக்கு (தாளை எழுதாமலே கடந்துபோகும் சலுகை) கிடைக்காது. கணக்கு உதவியாளர்களுக்கான ஏஏடி தகைமையின் நான்காம் நிலையை முடித்தவர்கள்கூட முதல் மூன்று தாள்களுக்கு விலக்குப் பெற்று நுழைகிறார்கள். இவற்றோடு 36 மாத வேலை அனுபவமும் வேண்டும். நீங்கள் இப்போது செய்யும் வேலையிலேயே, தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வையாளராகக் கையெழுத்திட்டால், அதில் ஒரு பகுதியை நிறைவு செய்ய முடியும்.

அப்படியானால் டாப்-அப் வீணா என்றால், இல்லை. சொந்தமாகப் படித்து ஒன்பது தாள்களையும் எழுத, வேலையும் குழந்தைகளும் உள்ள ஒருவருக்கு மூன்று ஆண்டுகள் எளிதில் ஓடிவிடும். அதே காலத்தில் பட்டமும் விலக்குகளும் சேர்ந்து வருமானால் அது நல்ல வழிதான். ஆனால் இங்கேதான் கவனம் தேவை. பட்டத்தின் பெயரில் கணக்கியல் என்று இருப்பதால் மட்டும் ஒன்பது விலக்கும் வந்துவிடாது. ஒரே பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டும் படித்தவருக்கு ஒன்பது கிடைக்கலாம். டாப்-அப்பில் நேரடியாக நுழைந்தவருக்கு, அவர் முன்பு வேறிடத்தில் படித்த பாடங்களைப் பொறுத்து, குறைவாகவே கிடைக்கலாம். ஏசிசிஏ இணையதளத்தில் உள்ள விலக்குக் கணிப்பானில் டாப்-அப் பட்டத்தின் சரியான பெயரையும் முடிக்கும் ஆண்டையும் இட்டுப் பாருங்கள். அந்த முடிவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, வெளியிலிருந்து மூன்றாம் ஆண்டில் சேர்பவருக்கும் இதே எண்ணிக்கை பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு வரிச் சட்டம், தணிக்கை ஆகிய தாள்களைப் புதிதாக எழுத நேர்ந்தவர்களை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். மேலும், 2027இல் ஏசிசிஏ தன் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கிறது. நீங்கள் பட்டம் முடிப்பது அதற்குப் பிறகுதான் என்பதால் அதைப் பற்றியும் கேளுங்கள்.

இன்னொரு கருத்து. எல்லோரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். விலக்குக் கிடைத்தாலும் நிதி அறிக்கையிடல் தாளை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு விலக்குக்கும் கட்டணம் உண்டு. அந்தப் பணத்தைத் தேர்வுக்கே செலுத்தலாம். விலக்குகளோடு நேராக உத்திசார் நிலைக்கு வந்து, குழுமக் கணக்குகளில் கால் இடறி, அதே தாளை மூன்று முறை எழுதிய பயிற்சியாளர்களின் களைப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். அந்த நிலையில் முதல் தாளில் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் நான்கையும் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

நான் ஒரு கல்லூரியில் மாணவர் நிதி ஆலோசனைப் பிரிவில் வேலை செய்வதால், இங்கிலாந்தில் வசிப்பவருக்கான கடன் பகுதியை மட்டும் சொல்கிறேன், அக்கா. ஏற்கெனவே உள்ள தகைமைக்குச் சமமான அல்லது தாழ்ந்த படிப்புக்கே பொதுவாகக் கடன் மறுக்கப்படும். ஹானர்ஸ் பட்டம் பவுண்டேஷன் டிகிரியை விட உயர்ந்தது என்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. பகுதிநேரமாகப் படித்தால், ஆண்டுக்கு முழுநேரப் படிப்பின் 25 சதவீதமாவது, அதாவது 30 கிரெடிட்களாவது, எடுக்க வேண்டும். 120ஐ இரண்டு ஆண்டுகளில் படித்தால் ஆண்டுக்கு 60 வரும், போதுமானது. 2025-26இல் கட்டணக் கடனின் உச்ச வரம்பு முழுநேரத்துக்கு 9,535 பவுண், பகுதிநேரத்துக்கு 7,145 பவுண். குழந்தைப் பராமரிப்பு மானியம் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே என்பதையும் கணக்கில் வைத்திருங்கள்.

திருப்பிச் செலுத்துவதைப் பற்றிப் பலர் தேவையின்றிப் பயப்படுகிறார்கள். உங்கள் பழைய கடன் பிளான் 2 என்ற திருப்பிச் செலுத்தும் முறையில் வரும். புதியது பிளான் 5ஆக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக 9 சதவீதம் பிடிக்கமாட்டார்கள். குறைந்த வரம்பான 25,000 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்தில் மொத்தமாக 9 சதவீதம்தான். ஆண்டுச் சம்பளம் 29,000 என்றால் மாதம் 30 பவுண். ஆனால் பழைய கடனுக்கு மட்டும் 2025-26இல் வரம்பு 28,470 ஆக இருந்ததால், அதே சம்பளத்தில் அப்போது மாதம் சுமார் நான்கு பவுண்தான் பிடிபட்டது. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பிளான் 5 கடன் நாற்பது ஆண்டுகள் வரை தொடரும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சேரப்போகும் இடத்தின் பெயர், இங்கிலாந்தின் உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் ஆபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு கல்லூரி நடத்தும் படிப்பாக இருந்தால், பாடம் நடத்துவது யார், பட்டம் தருவது யார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன். நான் படித்த கல்லூரி பின்னர் வேறொன்றுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அங்கே என் கோப்பைத் தேடித் தரமுடியவில்லை. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பதிவுப் பிரிவுக்கு எழுதியபோது எட்டு நாட்களில் மதிப்பெண் பத்திரம் வந்துவிட்டது. 240 கிரெடிட்களும் அதில் இருக்கின்றன. அந்தத் தாளைக் கையில் பிடித்தபோது, பதினொரு ஆண்டுகளாக நான் பாதியில் விட்டவள் என்று எண்ணியது தவறு என்று தோன்றியது.

அந்தப் பல்கலைக்கழகம் பழைய கிரெடிட்களை ஏற்க மறுத்துவிட்டது. வேறொன்று, என் வேலை விவரத்தைப் பார்த்தபின், ஒரு நேர்காணலும் கோடையில் ஆறு வார ஆயத்தப் பாடமும் என்ற நிபந்தனையோடு பரிசீலிப்பதாக எழுதியிருக்கிறது. வகுப்புகள் கிழமைக்கு இரண்டு மாலைகள். விலக்குக் கணிப்பானில் அவர்களுடைய பட்டத்துக்கு ஏழு வருகிறது. வரியும் தணிக்கையும் இல்லை. இதைவிடத் தொலைவில் உள்ள ஓரிடத்தில் ஒன்பது காட்டுகிறது. ஆனால் அங்கே பகல் வகுப்புகள் மட்டுமே. எதைத் தேர்வது?

ஐந்தொகை எழுதியது:

ஏழு உள்ள இடத்துக்கே போங்கள், சகோதரி. நீங்கள் வேலையை விட்டால் ஏசிசிஏவுக்கு வேண்டிய அனுபவமும் நின்றுவிடும். இரண்டு தாள்களுக்காக அதை இழக்க வேண்டாம். வாட் வேலை தெரிந்தவருக்கு வரித் தாள் முற்றிலும் அந்நியமாக இராது. நேர்காணலில், ஆறாம் நிலையில் தணிக்கையை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா, எடுத்தால் அந்தத் தாளுக்கு விலக்குச் சேருமா என்று கேளுங்கள். ஆயத்தப் பாடத்தில் குழுமக் கணக்குகள் உண்டா என்பதையும் விசாரியுங்கள். இல்லையென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் அன்று செய்த முப்பது கணக்குகளும் விடைகளோடு இன்னும் என்னிடம் இருக்கின்றன.