மறு: 'இன்லே' வேலைக்குத் தமிழில் என்ன?

> 'உட்பதிப்பு' என்றே வைத்துவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பதிப்பு என்றதும் புத்தகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதுகூடப் போகட்டும், பழகிவிடும். என் மறுப்பு வேறு. இன்லே என்றால் மரத்தில் பள்ளம் குடைந்து, அதற்குள் வேறு மரத்தையோ உலோகத்தையோ மட்டமாக இறக்குவது.

மூன்று வருடம் முன்பு புதுச்சேரியில் ஒரு கடையில் சதுரங்கப் பலகை வாங்கினேன். நான்கு மூலையிலும் பூ. "எல்லாம் இன்லே சார்" என்று சொல்லி, அதற்குத் தனி விலை வேறு. ஐப்பசி மழையில் ஒரு பூ தபால்தலை மாதிரி சுருண்டு எழுந்துவிட்டது. அடியில் பள்ளமே இல்லை! மெல்லிய மரத்தாளில் பூவை வெட்டிச் சேர்த்து, தாளோடு தாளாகப் பலகைமேல் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் நல்ல கலைதான், ஆனால் வேறு கலை. அதற்கு 'ஒட்டுச்சித்திரம்' என்று தனியே ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். 'பதித்தது' என்ற சொல் இரண்டுக்குமே பொருந்திப் போகிறது, அதுதான் சிக்கல்.

> கட்டங்களையும் பதிக்கத்தானே செய்கிறார்கள்?

இல்லை. இங்கே கடலூர் முதுநகரில் ஒரு தச்சரிடம் இப்போது ஒரு பலகை செய்யக் கொடுத்திருக்கிறேன். பலா வெளிர் கட்டத்துக்கு, ஈட்டி மரம் கருப்புக் கட்டத்துக்கு. (பலா, 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் விழுந்த மரம். அத்தனை வருடம் காய்ந்த பலகை கிடைப்பது லேசில்லை.) ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்தில் எட்டுப் பட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி, குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றை முன்பின் திருப்பி மறுபடி ஒட்டினால் 64 கட்டம் வந்துவிடும். எங்கேயும் பள்ளம் கிடையாது.

பள்ளம் ஓரச் சட்டத்தில்தான். வெட்பாலை மரத்தில் அறுத்த வெள்ளைப் பூவைச் சட்டத்தின்மேல் வைத்து, கத்தி முனையால் சுற்றிலும் கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்று உளியால் மூன்று மில்லிமீட்டர் குடைந்தார். பூ நான்கு மில்லிமீட்டர் கனம். பசை தடவி, கட்டையை வைத்துத் தட்டி இறக்கிவிட்டு, ஒரு ராத்திரி விட்டார். மறுநாள் மேலே துருத்திக்கொண்டிருந்ததைச் சுரண்டி மட்டமாக்கினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், பூ எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் அந்தக் குடைதல் இருந்தாக வேண்டும்.

'இழைப்பு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மணி இழைத்த என்ற பழைய வழக்கு அழகுதான். ஆனால் தச்சுப் பட்டறையில் இழைப்பு என்றால் கை நேரே, மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளிக்குத்தான் போகும். 'அழுத்தம்' வேண்டவே வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரை ஞாபகம் வருகிறது.

என் முன்மொழிவு 'குயிற்று'. மணி பதித்த என்ற பொருளில் 'மணி குயிற்றிய' என்று பழைய வழக்கு இருக்கிறது. வேறு வேலை எதற்கும் இப்போது யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. வினையாகவும் நன்றாக நடக்கும்: பித்தளை குயிற்றிய சட்டம், பூவைக் குயிற்றினார், குயிற்றுவேலை.

தச்சரிடமே சொல்லிப் பார்த்தேன். "குயிலா? எங்க சார் உக்காந்திருக்கு?" என்று சிரித்தார். சரி, இது தேறாது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்: "சார், அந்தக் குயில் வேலைக்குப் பித்தளைக் கம்பி இன்னும் வரலை."

'ற்று' உதிர்ந்துவிட்டது. ஆனால் பாருங்கள், நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலை 'குன்று குயின்றன்ன' என்கிறார்களே, மலையைக் குடைந்தது போல என்று? அந்தக் குயின்றதும் 'குயில்' என்ற வினைதான். நான் தேடிய குடைதல் என் சொல்லைவிட அவர் வாயில் வந்ததில்தான் நேராக இருக்கிறது.

எனவே முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன்: குயில்வேலை. பறவைக் குழப்பம் வரும் என்பவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
முதுநகர்க்காரன்