மறு: துவாரபாலகர் ஏற்றி இறக்கும் செலவு – நிறை எங்கே?

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் வைக்கப்போகும் துவாரபாலகர் சிலைகளுக்கு, கனடா ஸ்காபரோ அண்ணை அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். "சிலை ஏற்றி இறக்க 4 இலட்சம்" என்று ஒரே வரி. எத்தனை கிலோ, என்ன வாகனம், எத்தனை ஆள், ஒன்றும் இல்லை. மண்டபத்துக்கு ஓடு மாற்றிய கணக்கும் இப்படித்தான் வந்தது. சரி, அதைப் பிறகு கதைப்போம்.

ஊருக்குப் போன சுவிஸ் மச்சாள் அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து வந்த துவாரபாலகரில் ஒருவர் வடக்கு வீதியில் மல்லாக்கக் கிடக்கிறார். கழுத்தில் கம்பிக் கயிறு. மறுமுனை உழவு இயந்திரத்தின் கொளுக்கியில். இடது கைக்கு அடியில் ஒரு சாக்குக்கூட இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. கருங்கல் மேலிருந்து அமத்துகிற பாரத்தைத் தாங்கும். இழுத்தால், வளைத்தால் சொல்லாமல் முறியும். கை முறிந்த சிலையை வைக்க ஐயர் சம்மதிப்பாரா?

நிறை பார்க்கத் தராசு தேவையில்லை. ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. 7 அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி தடிப்பு என்றால் 26 கன அடி. செதுக்கியது போக 60 வீதம் மிச்சம் என்று வைத்தாலும் 1,200 கிலோவுக்குக் கிட்ட வரும். பீடம் வேறு. லண்டன் தம்பி, பக்கத்து ஊரில் ஆறடி, எங்களுக்கு ஏழடி என்று முகநூலில் போட்டது நீர்தானே? அதே அளவுப் பொருத்தத்தில் ஒரு அடி கூடினால் நிறை ஒன்றரை மடங்குக்கு மேல். கூலியும் அப்படித்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிண்டினால் வருவது சுண்ணாம்புக்கல். கருங்கல் தூக்கிப் பழகிய ஆட்கள் ஊரில் குறைவு. பூம் ட்ரக், அதுதான் தூக்கும் கை பூட்டின லொறி, வைத்திருப்பவர் "3 தொன் தூக்கும்" என்பார். அது லொறிக்குப் பக்கத்தில். வாசலில் நின்று கையை நீட்ட நீட்டக் குறையும், ஒரு தொன்கூடத் தாங்காமல் போகலாம். அகலமான நைலோன் பெல்ட் இரண்டு வேண்டும், தொடையடியில் ஒன்று, மார்படியில் ஒன்று, நடுவில் சாக்கு. முதலில் நாலு விரல் உயரம் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே பலகை போட்டுக் குழாயில் உருட்டி, சங்கிலிக் கப்பியால் நிமிர்த்தலாம்.

கோயிலுக்கு மணி கொண்டுவந்த அன்று அச்சு முறிந்தது எங்கள் ஐயாவின் வண்டில். இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பங்கு தயார். நிறை, வாகனம், நீட்டும் தூரம் மூன்றும் எழுதிய புது விலை வந்த அன்றே அனுப்புவேன். அதற்கு முன் யாராவது அந்த உழவு இயந்திரக்காரப் பெடியனுக்குக் கோல் பண்ணி, கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து,
பழைய கணக்குப் பரிசோதகர்