நெல்லையில் டி-செல் எடுத்து கார்-டி சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா?

பாளை_அபெரிசிஸ்:
கார்-டி என்பது நோயாளியின் டி-செல்லை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி லேபில் மாற்றிப் பெருக்கி, திரும்ப அவருக்கே ஏற்றுகிற சிகிச்சை. 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற கார்-டி தயாரிப்புக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தைத் திருப்பிவிடும் அபெரிசிஸ் மெஷின் நம் ஊரிலும் இருக்கு. பி-செல் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிக்கு டி-செல்லை இங்கேயே எடுத்து வாகைக்குளத்தில் விமானம் ஏற்றிவிட்டால் என்ன? எங்கே இடிக்கும்?

பொருநை_ஹீமட்:
மெஷின் மட்டும் போதாது அண்ணாச்சி. பிளேட்லெட் கிட் வேறு, மோனோநியூக்ளியர் செல் (டி-செல் அடங்கிய வெள்ளணுக்கள்) எடுக்கிற கிட்டும் புரோகிராமும் வேறு. பெரியவருக்கு 10–12 லிட்டர் ரத்தம் மெஷின் வழியே சுற்றி வரணும், 3–4 மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கிற சிட்ரேட் உடம்பில் சேரச் சேர ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதடு மரத்துப்போகுதுன்னு சொன்னால் வேகத்தைக் குறைத்து கால்சியம் குளூக்கோனேட் ஏற்றணும்.

நிஜமா இடிக்கிற இடம் பழைய கீமோ. லிம்போசைட் (டி-செல் சேர்ந்த வெள்ளணு வகை) வற்றிப்போன ரத்தத்தை எத்தனை லிட்டர் சுற்றினாலும் பை நிறையாது. பென்டமஸ்டின் என்ற கீமோ மருந்து வாங்கியவரின் டி-செல் லேபில் சரியாகப் பெருகாது. அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே கார்-டி மையத்தில் கேட்டுவிடுவதுதான் முறை. பலருக்கு இந்த யோசனை வருவதே அதற்கப்புறம்தான், அதுதான் வேதனை.

உறைநிலை_நெல்லை:
லேபுக்குப் போகிற டி-செல் பை எளிது: 2–8 டிகிரியில், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் சேர்த்தால் போதும். மாற்றி உறையவைத்துத் திரும்பி வருகிற பைதான் பாடு. மைனஸ் 150-க்குக் கீழே, நைட்ரஜன் ஆவியில் இருக்கணும். மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்னு நினைத்தால் செல் செத்துப்போகும். பை வருகிற நைட்ரஜன் குடுவையான டிரை ஷிப்பரைப் படுக்கப் போட்டால் நைட்ரஜன் சீக்கிரம் தீரும். நிமிர்த்தியே கொண்டுவரணும், எக்ஸ்ரே ஸ்கேனிலும் விடக்கூடாது. வழிநெடுக வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகரைப் பார்த்த பிறகுதான் பையைக் கையெழுத்துப் போட்டு வாங்கணும்.

37 டிகிரி வாட்டர்பாத்தில் உருக்கியதும் அரை மணிக்குள் ஏற்றிவிடுவது நல்லது. உறையும்போது செல்லைக் காக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ வெதுவெதுப்பில் செல்லைக் கொல்லும். பழக்கதோஷத்தில் வெள்ளணுவை வடிகட்டும் லூகோசைட் ஃபில்டர் செட்டை மாட்டிவிடாதீங்க, அத்தனை செல்லும் ஃபில்டரிலேயே நின்றுவிடும். இன்னொன்று பெயர்க்குழப்பம். ஒரே வார்டில் ரெண்டு சுடலைமுத்து, மூணு இசக்கியம்மாள் படுத்திருக்கிற ஊர் இது. பெயரை நம்பாமல், எடுத்த அன்று கொடுத்த அடையாள எண்ணை ரெண்டு பேர் சத்தமாக வாசித்து ஒத்துப்பார்க்கணும்.

பாளை_அபெரிசிஸ்:
அப்போ ஏற்றுவதை மையத்திலேயே வைத்துக்கொண்டால்?

பொருநை_ஹீமட்:
அதுதான் என் கருத்தும். செல் ஏற்றிய சில நாளில் காய்ச்சல் வரலாம், பிரஷர் இறங்கலாம். அதை அடக்கும் மருந்து டோசிலிசுமாப், உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம், உச்சம் 800. ஏற்றும் முன்பே ரெண்டு டோஸ் கைவசம் இருக்கணும், ஐசியு படுக்கையும். காய்ச்சலோடு ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகிற விஷயம் இல்லை இது. முதல் 2–4 வாரம் மையத்துப் பக்கத்திலேயே துணைக்கு ஒருத்தரோடு தங்கணும். ஊர் திரும்பின பிறகு ரத்த அணு எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) பார்ப்பது, தொற்றுக்குச் சிகிச்சை, கதிர்வீச்சு காட்டிய ரத்தம் கொடுப்பது எல்லாம் நம்ம வேலை. முதலில் அதற்கான ஆட்களைத் தயார்பண்ணுங்க, கிட் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.