அப்பாவின் பேச்சும் பையனின் பேச்சும்: பரம்பரையா?

காசிமேட்டுப் பொண்ணு:
அப்பா 30 வருஷம் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். போன தை மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. வஞ்சிரத்தைக் காட்டி "இது என்னப்பா?" என்றால் "அது... அது..." என்று நின்றுவிடுகிறார், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. ஆனால் "நூறு" என்று எடுத்துக் கொடுத்தால் போதும். நூத்தி பத்து, நூத்தி இருபது என்று பழைய ஏலக் குரல் அப்படியே வருகிறது!

என் பையனுக்கு இரண்டரை வயது. அம்மா, தண்ணி, வா, இவ்வளவுதான் பேச்சு. "தாத்தா ரத்தம்தானே" என்கிறார் மாமியார். அப்படியும் இருக்குமா?

பேச்சுப் பயிற்சியாளர், பெரம்பூர்:
அக்கா, இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். அப்பாவுக்குப் பிறவிக் கோளாறு என்றால் இத்தனை வருஷம் ஏலம் விட்டிருப்பாரா? பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது மூளையில்தான். வலது கையை இயக்குவதும் அதுவே, அதனால்தான் இரண்டும் சேர்ந்து போயின. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஓசை மட்டுமே வரும். அவர் இறந்த பிறகு பார்த்தால், மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது.

எண் வரிசை நாக்கில் பழகிப்போனது, ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியதில்லை. நாங்களும் பலருக்கு அங்கிருந்துதான் பயிற்சியைத் தொடங்குவோம். விடாதீர்கள்.

பையனுக்கு முதலில் காதைப் பரிசோதியுங்கள். இந்த வயதில் மூன்று சொல் என்றால் இனியும் காத்திருக்கக் கூடாது.

உயிரியல் ஆசிரியர், வண்ணாரப்பேட்டை:
பரம்பரையாக வருவதும் உண்டு. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சுச் சிக்கல். வாயை வரிசையாக அசைத்து ஒலிகளைக் கோப்பதே அவர்களுக்குக் கஷ்டம். ஏழாவது குரோமோசோமில் ஃபாக்ஸ்பி2 மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 2001இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட மாற்றம் மிக அரிது. அந்த மரபணுவை 'மொழி மரபணு' என்று சிலர் அழைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். எலிக்கும் பறவைக்கும்கூட அது இருக்கிறது. சாதாரணமாகப் பேச்சு தாமதமாவதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. வீட்டில் வேறு யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று விசாரியுங்கள்.

காசிமேட்டுப் பொண்ணு:
மாமியாரிடமே கேட்டேன் சார். என் வீட்டுக்காரர் மூன்று வயது தாண்டித்தான் பேசினாராம்! வியாழக்கிழமை காதுப் பரிசோதனை, அங்கேயும் இதைச் சொல்கிறேன். அப்பாவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எண் சொல்ல வைக்கலாம்? சாயங்காலம் ஆனால் களைத்துப்போகிறார்.