புதுப்பிப்பு: மகளின் டூவே போர்வையை மாற்றிவிட்டோம்

நாலு வயது மகள் ராத்திரியில் வியர்த்து வியர்த்து எழுகிறாள், 13.5 டாக் டூவேயை (உள்ளே பஞ்சு, இறகு போன்றவை அடைத்த தடித்த போர்வை) மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது 4.5 டாக். டாக் என்பது எடை இல்லை, உடல் சூட்டை எவ்வளவு வெளியே விடாமல் வைக்கிறது என்பதன் அளவு. கையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். நான் அப்படித்தான் தப்பு செய்தேன். அறை 18 டிகிரியில் இருந்தால் இதுவே போதும், ரொம்பக் குளிர்ந்தால் மேலே ஒரு மெல்லிய போர்வை. கை கால் சில்லென்று இருந்தால் பதறவேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் சூடு அதிகம்.

கைக்குழந்தைக்கும் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: ஒரு வயது ஆகும்வரை டூவே வேண்டவே வேண்டாம். முகத்தை மூடிவிடும், மூச்சு முட்டும்.

நேற்று மகள் விடியும்வரை எழவே இல்லை.