மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு எந்தக் கணினி?

கேள்வி (பாளையங்கோட்டை):
வீட்டிலிருந்தே ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்துவரும் நான், பழைய மடிக்கணினியை மாற்ற எண்ணுகிறேன். டிரேடோஸ் ஸ்டுடியோ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருள் எனக்கு இன்றியமையாதது. மேக் வாங்கலாமா?

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
வேண்டாம், அம்மா. டிரேடோஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். மேக்கில் இயக்க, அதற்குள் விண்டோஸை ஓடவைக்கும் மெய்நிகர் இயந்திரம் என்னும் மென்பொருள் ஒன்று இடையே தேவைப்படும். அதே வகை மென்பொருளான ஒமேகாடி போதுமென்றால், ஜாவா நிரல்மொழியில் அமைந்த அது லினக்ஸிலும் இயங்கும். பெரிய மொழிபெயர்ப்பு நினைவகங்களையும் (முன்பு பெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு) உலாவியில் பல அகராதிப் பக்கங்களையும் ஒருசேரத் திறந்துவைப்பவருக்கு 8 ஜிபி ரேம் திணறும். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகமும் உள்ளதாக வாங்குங்கள். தனி வரைகலை அட்டை வீண்செலவு.

மறுமொழி (தென்காசி):
மூலமும் பெயர்ப்பும் அருகருகே தெரிய, 24 அங்குலத் திரை ஒன்றையும் இணைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் மின்சாரம் போனால் மடிக்கணினி தாங்கும், மோடம் தாங்காது. அதற்கொரு சிறு யுபிஎஸ் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. திருநெல்வேலி சந்திப்புக் கடையில் பார்த்த மாதிரியில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதாம்.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
அப்படியானால் இப்போதே 16 ஜிபியாகக் கேளுங்கள். பின்னர் கூட்ட வழியில்லை.